எழுபத்திரண்டாம் கட்டத்துக்கு அந்தப் பக்கம்

ஷியாமளாவை யாரும் கட்டிப் போடவில்லை. கதவைப் பூட்டவும் இல்லை. "இங்கேயே உட்கார்ந்திரும்மா" என்று மேனேஜர் மஹாதேவன் காலையில் சொல்லிவிட்டுப் போனார். அதுவே போதுமாக இருந்தது. கார்டு பஞ்ச் செய்யும் கூடத்தில் தன் மெஷினுக்கு முன்னால், அதைத் தொடாமல், தொடையிடுக்கில் கைகளைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. அவள் விரல்கள் மட்டும் ஐஸ் கட்டியைப் பிடித்தவள் விரல்களாக மரத்துப் போயிருந்தன.

சுற்றிலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாவிகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை அவள் டிபன் டப்பா திறந்தால் எலுமிச்சை சாதத்துக்குக் கை நீட்டியவர்கள். இன்று ஒருத்தியும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தன் பெயரும் சேர்ந்துவிடும் என்ற பயம். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் அவர்கள் இடத்தில் இருந்தால் அவளும் திரும்பியிருக்க மாட்டாள்.

ஆபீஸ் விடுவதற்குள் போலீஸ் ஜீப் வரும். அதில் அவளை ஏற்றுவார்கள்.

நடந்தது இதுதான். வங்காளத்தில், கிடர்பூர் டாக்கில் கப்பல் சரக்கை இறக்கி, பார்ஜ் படகுகளில் ஏற்றி, ஆற்று வழியே அனுப்புகிற கம்பெனி அது. எந்தப் படகில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் சொல்லும். அதற்கான கணக்கை மஹாதேவன் வரி வரியாகத் தாளில் எழுதித் தருவார். ஷியாமளா ஒரு வரிக்கு ஒரு அட்டை என்று ஓட்டை போடுவாள். கம்பைலர் என்கிற புரோகிராம் அந்த அட்டைகளைப் படித்து மெஷினுக்குப் புரிகிற பாஷையாக மாற்றும். மாற்றும்போதே தான் படித்ததைக் காகிதத்தில் அச்சடித்தும் காட்டும். லிஸ்டிங் என்று அதற்குப் பெயர்.

போன வாரம் வந்த லிஸ்டிங் பார்க்கவே பயமாக இருந்தது. வரி மேல் வரி ஏறி, கரிக்கட்டையால் தேய்த்த மாதிரி கறுப்புப் பட்டைகள். நடுவே காகிதம் தானாகத் துள்ளி வெற்றுப் பக்கமாக ஓடியது. பிரிண்டர் கோளாறு என்று தள்ளிவிட்டார்கள். கம்பைலரும் பிழை ஒன்றும் இல்லை என்று கடைசியில் சொல்லிவிட்டது. அந்தக் கணக்கை நம்பி ஏற்றிய முதல் படகு படகுத்துறையை விட்டு நகரும் முன்பே ஒருக்களித்துச் சாய்ந்தது. கூலியாள் ஒருவனின் இரண்டு கால்களும் மரப்பெட்டிக்கு அடியில் போயின.

அதன் பிறகுதான் மஹாதேவன் கண்டுபிடித்துச் சொன்னார். மற்றப் பெண்களின் அட்டைகள் ஒழுங்காக அச்சாகின்றன. ஷியாமளாவின் அட்டைகள்தான் கறுத்துப் போகின்றன. கூடவே இன்னொன்றையும் நினைவுபடுத்தினார். அவள் அண்ணன் எழுபத்தொன்றில் நக்ஸல்களோடு போனவன். போனவன் வரவில்லை. எமர்ஜென்சி வந்த பிறகு 'நாசவேலை' என்ற சொல் சும்மா சொல்லிவிட்டுப் போகிற சொல்லாக இல்லை. அதைச் சொன்னவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். சொல்லப்பட்டவர் எங்கே போவார் என்று யாருக்கும் தெரியாது.

மத்தியானம் கூடத்துக்குள் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் கனத்த ஆள். பாரவண்டி மாடு மாதிரி நிதானமாக அடி வைத்து வந்தார். பின்னால் ஒரு ஒல்லிப் பேர்வழி. இன்ஷூரன்ஸ்காரர்கள் அனுப்பிய துப்பறிகிறவர் திருவேங்கடம், அவருடைய உதவியாள் அர்ஜுனன் என்று மஹாதேவன் எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். ஷியாமளா தனக்குள் கணக்குப் போட்டாள். நஷ்டஈடு கொடுக்காமல் தப்ப இன்ஷூரன்ஸ்காரனுக்கு ஒரு குற்றவாளி வேண்டும். அந்தக் குற்றவாளிக்குச் சுருக்குப் போடத்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள்.

திருவேங்கடம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மெஷின் பக்கத்தில் கிடந்த அட்டைக்கட்டை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தார். "வாங்க" என்று மட்டும் சொல்லி நடந்தார். அவள் எழுந்து பின்னால் போனாள்.

மெஷின் அறைக்குள் குளிர் முகத்தில் அறைந்தது. பீரோ பீரோவாக நின்ற கம்ப்யூட்டர் முனகிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஆளுயரப் பிரிண்டர். அதைக் கவனித்துக்கொள்ளும் பிமல் அண்ணன், எல்லோருக்கும் பிமல்தா, நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாகக் காகிதப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அர்ஜுனன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். "மெஷினுக்கு ஊட்டி, மனுஷனுக்குக் கிடர்பூர். அடுத்த ஜன்மத்துல நான் கம்ப்யூட்டராப் பொறக்கணும் முதலாளி."

"இந்த ஜன்மத்துல வாயை மூடு" என்றார் திருவேங்கடம்.

அவன் மூடவில்லை. உயிர் போகிற வேளையில் இப்படி ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது ஷியாமளாவுக்கு அருவருப்பாக இருந்தது. அவன் பேசியதெல்லாம் தமிழில். இந்த ஆபீஸில் தமிழ் தெரிந்தவர்கள் அவளும் மஹாதேவனும்தான். மஹாதேவனோ சிரிக்கிற நிலையில் இல்லை. யாருக்காக இவன் கூத்தடிக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

திருவேங்கடம் பழைய கறுப்பு லிஸ்டிங்கைத் தரையில் விரித்து, ஈரப் புடவையை உலர்த்துகிற மாதிரி நீளமாகப் பரப்பினார். அந்த அட்டைகளையே மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். பிமல்தா அட்டைக்கட்டை ஏற்றினார். பிரிண்டர் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு இரும்புக்கூரையில் கல்மாரி விழுகிற சத்தத்தோடு அடிக்கத் தொடங்கியது. திடீரென்று நின்று ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் குத்தியது. உடனே காகிதம் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு பக்கம் முழுக்கப் பாய்ந்தது. ஷியாமளா இரண்டடி பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டாள். தன் கையால் போட்ட ஓட்டைகள் அந்த மெஷினை இப்படிப் பேயாட வைப்பதைப் பார்க்கப் பார்க்க, ஒருவேளை தன் கையில்தான் ஏதாவது இருக்கிறதோ என்று அவளுக்கே தோன்றியது.

திருவேங்கடம் அரைகுறை இந்தியில் பிமல்தாவைக் கேட்டார். எப்போது காகிதத்தை நகர்த்த வேண்டும் என்று இந்த மெஷினுக்கு யார் சொல்கிறார்கள்? பிமல்தா பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தைப் பிரிண்டர் அச்சடிக்காது. அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். வெற்றிடமாக இருந்தால் ஒரு வரி தள்ளும். 'ஒன்று' என்ற எண் இருந்தால் அடுத்த பக்கத்துக்குத் தாவும். கூட்டல் குறி இருந்தால் காகிதத்தை நகர்த்தாமல் போன வரியின் தலையிலேயே அடிக்கும்.

"அந்த முதல் எழுத்து எங்கிருந்து வருது?"

அட்டையின் வலது ஓரத்திலிருந்து, என்றார் பிமல்தா. அட்டையில் எண்பது கட்டம். கணக்கு எழுத எழுபத்திரண்டு. மிச்சம் எட்டுக் கட்டம் வரிசை எண்ணுக்கு. கட்டு கை தவறிக் கீழே விழுந்தால் அந்த எண்ணைப் பார்த்து மறுபடி அடுக்கிவிடலாம். லிஸ்டிங் போடும்போது அந்த எட்டுக் கட்டத்தை முதலில் அடித்து, அதற்குப் பிறகு வரியை அடிப்பது இந்த ஆபீஸ் வழக்கம்.

அர்ஜுனன் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தான். கண்ணாடிக்கு அப்பால் மஹாதேவன் தன் வழுக்கையின் குறுக்கே நாலு முடியைப் படிய வாரிவிட்டுக்கொண்டிருந்தார். அர்ஜுனன் பிமல்தாவுக்குப் பக்கத்தில் நின்று, வெகு மரியாதையான முகத்தோடு தமிழில் சொன்னான்: "அந்த நாலு முடிக்கும் மேனேஜர் வரிசை நம்பர் போட்டு வெச்சிருக்கார் முதலாளி. காத்துல விழுந்தா எடுத்து அடுக்கிக்கலாம்னு."

பிமல்தாவுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தக் குளிரில் நாளெல்லாம் நின்றால் இருமல் வராமல் என்ன செய்யும் என்று ஷியாமளா நினைத்தாள்.

திருவேங்கடம் இரண்டு அட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒன்று பக்கத்து மேஜைப் பெண் போட்டது. அதில் ஓட்டைகள் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டன. வலது ஓரத்தில், முதலில் ஒரு வெற்றிடம் விட்டு, வரிசை எண் மட்டும். மற்றது ஷியாமளா போட்டது. ஓரம் வரைக்கும், நெல்மூட்டையைத் திணித்துத் தைத்த மாதிரி, இடைவெளி இல்லாமல் ஓட்டை.

"நீங்க மட்டும் ஏன் இப்படி?"

அவள் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். அட்டைகள் வெளிநாட்டிலிருந்து லைசென்ஸில் வருகின்றன, தட்டுப்பாடு. ஒரு நாள் மஹாதேவன் சார் அவள் மேஜைக்கே வந்து நின்றார். மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் பேசுகிறவர், அவளிடம் மட்டும் வீட்டு மனுஷனைப் போலத் தமிழில் பேசுவார். "ஏம்மா, ஓரத்துல எட்டுக் கட்டம் சும்மாத்தானே போறது. நம்பர் கிம்பர் வேண்டாம். நான் எழுதற நீள வரியை ஒடிச்சு ரெண்டு கார்டு ஆக்காதே. கடைசி வரைக்கும் அடிச்சுடு. கார்டு மிச்சம் பண்ணிக் காட்டினா ஹெட் ஆபீஸ்ல நமக்கு நல்ல பேர்." அவள் அடித்தாள். அவ்வளவுதான்.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா யார் சார் நம்புவாங்க? அவர் சொல்லலன்னுட்டார். கூடத்துல அத்தனை பேர் இருந்தாங்க, எல்லாரும் காதாலயும் கேட்டாங்க. ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியல." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "மறுபடி அந்தப் பேச்சை எடுத்தா, அண்ணன்கிட்டேர்ந்து கடுதாசி வருதான்னு போலீஸ்ல கேக்கச் சொல்றேன்னார்."

திருவேங்கடம் தலையை ஆட்டினார். அது நம்பிக்கையா, வெறும் தலையாட்டலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மஹாதேவனை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வந்து நின்றதும் திருவேங்கடம் தரையில் கிடந்த லிஸ்டிங்கின் ஒரு கறுப்புப் பட்டையைக் குனிந்து தொட்டார். அந்த வரிக்குரிய அட்டையை அதன் பக்கத்தில் வைத்தார். படகின் அடித்தளப் பாரம், நடுத்தளப் பாரம், பின்தளப் பாரம் எல்லாவற்றையும் கூட்டுகிற வரி. எழுபத்திரண்டாம் கட்டத்தோடு கம்பைலரின் கண் மூடிக்கொள்ளும். அதற்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரு கூட்டல் குறியும் மேல்தட்டுப் பாரமும். கூட்டலில் கடைசி உருப்படி போனால் மிச்சம் ஒழுங்கான கூட்டலாகவே நிற்கும். அதனால்தான் பிழை இல்லை என்று கம்பைலர் சொன்னது. மேல்தட்டில் ஒரு பாரமும் இல்லை என்று கணக்கு நினைத்தது. ஆட்கள் மேல்தட்டிலும் ஏற்றினார்கள். படகு சாய்ந்தது.

"அதே கூட்டல் குறிதான் பிரிண்டருக்கு முதல் எழுத்தாப் போய், 'நகராதே, மேலேயே அடி'ன்னு சொல்லியிருக்கு" என்றார் திருவேங்கடம். "எங்கெல்லாம் பாரம் விட்டுப்போச்சோ அங்கெல்லாம் காகிதம் கறுத்துப்போச்சு. மெஷின் கரியைப் பூசிக் காட்டிக் குடுத்திருக்கு சார். நாமதான் பிரிண்டர் கோளாறுன்னு தூக்கிப் போட்டோம்."

ஷியாமளாவுக்கு மூச்சு வந்தது. ஒரே ஒரு மூச்சு.

மஹாதேவன் பதறவில்லை. ரொம்ப அழகான விளக்கம் என்றார். தன் மேஜையிலிருந்து இன்னொரு லிஸ்டிங்கைக் கொண்டுவரச் செய்தார். நேற்று எல்லோர் கண் முன்னாலும் இந்தப் பெண்ணை உட்காரவைத்து வேறொரு கணக்கைப் பஞ்ச் செய்யச் சொன்னதாகவும், அதில் எல்லாம் குட்டை வரிகள், ஒன்றுகூட எழுபத்திரண்டைத் தாண்டவில்லை என்றும் சொன்னார். அட்டைகளையும் நீட்டினார். ஓரங்கள் சுத்தமாக இருந்தன. லிஸ்டிங்கை விரித்தார். மேலிருந்து கீழ்வரை அத்தனை வரியும் கறுப்பு.

"நீள வரிதான் காரணம்னா, இது எப்படிக் கறுத்தது?" என்றார். "வேணும்னே அட்டையில என்னமோ பண்றா. அதைக் கண்டுபிடிக்க எனக்கோ உங்களுக்கோ தெரியலை. போலீஸ் கேக்கற விதத்துல கேட்டா அவளே சொல்லிடுவா."

கீழே முற்றத்தில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் நிதானமாக ஏறி வந்தது. ஷியாமளா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனைத் தேடி வந்த ராத்திரியில் வீட்டு மாடிப்படியில் கேட்டதும் இதே சத்தம்தான். அவசரமே இல்லாத சத்தம். எங்கே ஓடப்போகிறாய் என்று கேட்கிற சத்தம். திருவேங்கடத்தைப் பார்த்தாள். அவர் அந்தப் புது லிஸ்டிங்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். கட்டின கோட்டை அவர் காலடியிலேயே சரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

இன்ஸ்பெக்டர் தத்தா உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. எந்தப் பெண் என்று கேட்டார். மஹாதேவன் விரலை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்று திருவேங்கடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் கட்டைவிரல் லிஸ்டிங்கின் ஓரத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. காகிதத்தைப் பல் சக்கரம் பிடித்து இழுப்பதற்காக இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள் இருக்கும். பழைய லிஸ்டிங்கின் ஓரத்தையும் தடவினார். பிறகு இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்து, குருடனுக்கு வழி காட்டுகிற மாதிரி, இரண்டு ஓரங்களிலும் மாற்றி மாற்றி வைத்தார்.

பழையதில் துளைகள் உருண்டையாக இருந்தன. புதியதில் ஒவ்வொன்றும் கிழிந்து நீண்டிருந்தது. ஒரு தடவை கொக்கி போட்டுத் தூக்கிய சாக்குக்கும், அதே ஓட்டையில் இன்னொரு தடவை கொக்கி போட்ட சாக்குக்கும் உள்ள வித்தியாசம்.

"இந்தக் காகிதம் பிரிண்டருக்குள்ள ரெண்டு தடவை போயிருக்கு" என்றார் திருவேங்கடம். "ஒழுங்கா அச்சானதை எடுத்து, மறுபடி சொருகி, மேலேயே வேற எதையோ இன்னொரு தடவை அடிச்சிருக்காங்க. அதான் ஒரு வரி விடாம கறுப்பு. நிஜமாக் கெட்டுப்போன லிஸ்டிங்ல காகிதம் பக்கம் பக்கமாக் குதிச்சிருக்கு. இதுல ஒரு இடத்துலகூடக் குதிக்கல."

அந்தக் குட்டை வரி அட்டைகளை இப்போதே ஓட்டும்படி இன்ஸ்பெக்டர் சொன்னார். பிமல்தா இரண்டு அட்டைகளைக் கீழே போட்டுப் பொறுக்கினார். பிரிண்டர் கொட்டித் தீர்த்தது. வந்த காகிதம் பளிச்சென்று, குழந்தைகூடப் படிக்கிற மாதிரி இருந்தது.

மஹாதேவன்தான் முதலில் வாயைத் திறந்தார். நேற்று பிரிண்டரில் நின்றவன் பிமல், தான் இல்லை. இந்தப் பெண்ணும் இவனும் கூட்டு. இரண்டு பேரையும் கொண்டுபோங்கள் என்றார். பிமல்தாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்த ஷியாமளாவுக்கு ஒன்று புரிந்தது. இந்த மனிதரும் தன்னைப் போலவே பயந்து செத்துக்கொண்டிருக்கிறார்.

திருவேங்கடம் ஒரு நாற்காலியை இழுத்துப் பிமல்தாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "அர்ஜுனா, இன்னிக்கு எத்தனை ஜோக் அடிச்சே?"

"வாய் வலிக்கிற அளவுக்கு."

"எத்தனை பேர் சிரிச்சாங்க?"

"ஒரே ஒருத்தர். அதையும் இருமி மறைச்சுட்டார்" என்றான் அர்ஜுனன். "என் வாழ்க்கையில எனக்குக் கிடைச்ச முதல் ரசிகர் முதலாளி. அவரும் ரகசிய ரசிகர்."

ஷியாமளா நிமிர்ந்தாள். மேனேஜரும் அவளும் தமிழர்கள் என்று தெரிந்ததுமே, தமிழ் புரிகிற வேறு ஆள் உண்டா என்று பார்க்க அவன் கூத்தடித்துத் தூண்டில் போட்டிருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தமிழில் சொன்ன உத்தரவுக்குச் சாட்சி வேண்டுமென்றால், தமிழ் புரிந்த காது ஒன்று இந்த ஆபீஸில் இருந்தாக வேண்டும். வழுக்கைத் தலை ஜோக்குக்கு வந்த இருமல் அந்தக் காதின் இருமல்.

திருவேங்கடம் இன்ஸ்பெக்டருக்கு விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் பிமல்தாவிடம் வங்காளியில் கேட்டார், தமிழ் தெரியுமா என்று. பிமல்தா தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினார். தெரியாது, ஒரு எழுத்துக்கூடத் தெரியாது என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மஹாதேவன் மெல்லச் சிரித்தார்.

"சரி, போலாம்" என்று இன்ஸ்பெக்டர் ஷியாமளாவைப் பார்த்துச் சொன்னார்.

அவள் நகர்ந்தாள். கதவுப் பக்கம் இல்லை. பிமல்தாவின் முன்னால் போய் நின்றாள். எங்கிருந்து குரல் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தமிழிலேயே பேசினாள்.

"பிமல்தா, அன்னிக்கு நீங்க பேப்பர் பெட்டியைத் தூக்கிட்டு என் பின்னாலதான் நின்னீங்க. நான் இப்ப அந்த ஜீப்புல ஏறினா, என்னை எங்க வந்து தேடுறதுன்னுகூட எங்கப்பாவுக்குத் தெரியாது. ஏற்கெனவே ஒருத்தனைத் தேடித் தேடி அவர் செருப்பு தேஞ்சுபோச்சு."

பிமல்தா நிமிரவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பயமா இருக்கும்மா."

சுத்தமான தமிழ். ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழ்.

"எனக்கும்தான் பிமல்தா" என்றாள் ஷியாமளா.

மஹாதேவனின் சிரிப்பு அப்படியே நின்றது. இன்ஸ்பெக்டருக்கு வார்த்தை புரியவில்லை; ஆனால் தமிழே தெரியாது என்றவர் தமிழில் பதில் சொன்னது புரிந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அதற்குப் பிறகு பிமல்தா வங்காளியில் சொன்னார். கரக்பூரில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் அவர். பக்கத்து வீடு தமிழர்கள்; அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு பிள்ளையாக ஓடித் திரிந்து பாஷை ஒட்டிக்கொண்டது. இந்த ஆபீஸில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேனேஜர் அந்தப் பெண்ணிடம் கடைசிக் கட்டம் வரைக்கும் அடி என்று சொன்னதைக் கேட்டார். படகு சாய்ந்த அன்றே எங்கே தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மேனேஜருக்கும் தெரிந்துவிட்டது. நேற்று லிஸ்டிங் சுத்தமாக வந்ததும், மேனேஜர் அவரைக் கான்டீனுக்கு டீ வாங்க அனுப்பினார். திரும்பி வந்தபோது காகிதம் கறுத்துக் கிடந்தது. டீயைக் குடித்துக்கொண்டே மேனேஜர் சொன்னாராம், உன் வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை, ஞாபகம் இருக்கட்டும் என்று.

சொல்லி முடித்ததும் பிமல்தா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்கச் சுமந்த மூட்டையை இறக்கிய ஆள் அப்படித்தான் உட்காருவான். அர்ஜுனன் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இந்தத் தடவை அவன் ஜோக் அடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மஹாதேவனைப் பார்த்து, கீழே போகலாம் என்று மரியாதையாகவே சொன்னார். அந்த மரியாதையைக் கேட்டு ஷியாமளாவுக்கு உடம்பு சிலிர்த்தது. சற்று முன் அவளையே 'போலாம்' என்று கூப்பிட்ட குரல் அது.

எல்லோரும் பஞ்ச் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஷியாமளா முன்னாலேயே வந்து தன் மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அத்தனை மெஷினும் ஒரே சமயத்தில் ஓய்ந்ததும் கூடம் காது அடைத்த மாதிரி ஆயிற்று. மஹாதேவன் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நடந்தார். ஷியாமளாவின் மேஜை வந்ததும் நின்றார். அவள் பக்கம் குனிந்து, வீட்டு மனுஷனின் அதே பழைய குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"ஏம்மா, நீயாவது சொல்லேன். நான் வேணும்னு பண்ணலைன்னு நோக்குத் தெரியுமே. நம்மாளுக்கு நாமதானே."

வேலையே போய்விடலாம், இந்த மனிதர் நாளைக்கே வெளியே வந்து நிற்கலாம், அண்ணன் பெயரை எடுத்து மறுபடி வீசலாம். அத்தனையும் அவளுக்குத் தெரியும். மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஜா பொலார், பாங்லாய் பொலுன்" என்றாள். "ஷொபாய் ஷுனுக்."

சொல்ல வேண்டியதை வங்காளியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். அவள் குரல் நடுங்கியது. ஆனாலும் கூடத்தின் கடைசி மேஜை வரைக்கும் கேட்டது.